"காசைக் கட்டுகேன்... அந்த வருஷத்தைத் தாங்க!" - ஓய்வூதியக் கணக்கில் விட்டுப்போன ஆண்டுகளை மீட்க முடியுமா?

பூதப்பாண்டியில் இருக்கும் பெரியப்பா வீட்டுக்குப் போனால், கட்டன் சாயாவும் ரசவடையும் வருவதற்கு முன்பே ஒரு ரெக்சின் பை வந்துவிடும். ஜிப் எப்போதோ அறுந்துவிட்டது. ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருப்பார். உள்ளே பழுப்பேறிய காகிதங்கள், கார்பன் நகல்கள், சீல் மங்கிப்போன ஒரு சான்று.

"மக்களே, நீ பத்திரிகையில இருக்க. இதை ஒருக்கா பாரு. 13 வருஷம் மக்களே. அது கணக்குல இல்லைன்னு சொல்லுகாவ. நான் காசைக் கட்டுகேன், அந்த வருஷத்தைத் தாங்கன்னுகூட கேட்டுப் பாத்துட்டேன்!"

பெரியப்பா ஓர் அரசு அலுவலகத்தில் இரவுக் காவலர். 1993-ல் தினக்கூலியாகச் சேர்ந்தார். 2006-ல் பணி நிரந்தரம் கிடைத்தது. 2021-ல் 60 வயதில் ஓய்வு பெற்றார். மொத்தம் 28 வருடங்கள், அதே கேட், அதே டார்ச் லைட். கடைசியில் கையில் வந்தது ஒரு தொகை மட்டும். மாத ஓய்வூதியம் கிடையாது.

அவருடைய கூட்டாளி ஒருவர் நாலு தெரு தள்ளி இருக்கிறார். வேறோர் அலுவலகத்தில் அவரும் தினக்கூலி காவலர்தான். 1990-ல் சேர்ந்து, 2002-ல் நிரந்தரமாகி, 2020-ல் ஓய்வு பெற்றவர். அவருக்கு மாதா மாதம் ஓய்வூதியம் வருகிறது. அதுமட்டுமல்ல, தினக்கூலியாக இருந்த 12 ஆண்டுகளில் பாதி, அதாவது 6 ஆண்டுகள், அவருடைய ஓய்வூதியக் கணக்கில் சேர்ந்திருக்கிறது.

இருவரும் ஒரே மாதிரி வேலை பார்த்தவர்கள். ஏன் ஒருவருக்குக் கிடைத்தது, இன்னொருவருக்குக் கிடைக்கவில்லை? பெரியப்பா கேட்பதுபோல, பணம் கட்டி விட்டுப்போன வருடங்களை வாங்க முடியுமா? பையில் இருந்த காகிதங்களையும் அரசு விதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். உங்கள் வீட்டிலும் ஒரு அரசு ஊழியர் இருந்தால், இதை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள்.

ஒரு வருடத்தின் விலை என்ன?

முதலில் கணக்கு. தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள் 1978-ன்படி, பழைய திட்டத்தில் இருப்பவர்களுக்கு முழு ஓய்வூதியம் பெற 30 ஆண்டு தகுதியான பணிக்காலம் வேண்டும். அப்படி இருந்தால் கடைசி ஊதியத்தில் பாதி கிடைக்கும். 30-க்குக் குறைந்தால் அதற்கேற்ப ஓய்வூதியமும் குறையும். 10 ஆண்டுகூட இல்லையென்றால் மாத ஓய்வூதியமே இல்லை. ஒருமுறை தரும் பணிக்கொடையோடு முடிந்துவிடும்.

பணிக்காலத்தை ஆண்டாக எண்ணுவதில்லை, அரையாண்டாக எண்ணுகிறார்கள். 30 ஆண்டு என்றால் 60 அரையாண்டு. மிச்சமாக நிற்கும் காலம் 3 மாதம் அல்லது அதற்கு மேல் இருந்தால் அது ஒரு முழு அரையாண்டாகிவிடும். அதனால் விட்டுப்போன 3 மாதத்தைக்கூட அலட்சியமாக விடக் கூடாது.

கூட்டாளியின் கதையையே எடுத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க, கடைசி ஊதியம் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிரந்தரமான 18 ஆண்டுகள் மட்டும் என்றால் 15,000-ஐ 36-ஆல் பெருக்கி 60-ஆல் வகுக்க வேண்டும்: 9,000 ரூபாய். தினக்கூலிக் காலத்தின் பாதியும் சேர்ந்து 24 ஆண்டுகள் ஆனால், 48 அரையாண்டு: 12,000 ரூபாய். வித்தியாசம் மாதம் 3,000. அதன்மேல் அகவிலைப்படி வேறு. அவருக்குப் பிறகு மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம்.

பெரியப்பாவுக்கும் இதே விதி பொருந்தியிருந்தால் 13-ல் பாதி ஆறரை, அதோடு 15, மொத்தம் இருபத்தொன்றரை ஆண்டு. அதே 30,000 ரூபாய் கணக்கில் மாதம் 10,750 ரூபாய். ஆனால், பொருந்தவில்லை.

ஒரு தேதி போட்ட கோடு

தினக்கூலி, தொகுப்பூதியம், மதிப்பூதியம் என்று வேலை பார்த்த காலத்தில் பாதியைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது ஓய்வூதிய விதிகளில் 11-வது விதி. 1961 ஜனவரி 1-க்குப் பிறகான காலம் இதில் வரும். இரண்டு நிபந்தனைகள் முக்கியம். ஒன்று, அது முழுநேர வேலையாக இருக்க வேண்டும். காலையில் வந்து கூட்டிவிட்டுப் போகும் பகுதிநேர வேலை சேராது. இரண்டு, அந்த வேலையிலிருந்து இடைவெளி இல்லாமல் நிரந்தரப் பணிக்கு வந்திருக்க வேண்டும்.

நிதித்துறை 2009 ஆகஸ்ட் 25 அன்று அரசாணை எண் 408-ஐ வெளியிட்டது. அதில் இன்னொரு நிபந்தனை தெளிவாக இருந்தது. 2003 ஏப்ரல் 1-க்கு முன்பே நிரந்தரப் பணிக்கு வந்தவர்களுக்குத்தான் இந்தச் சலுகை.

ஏன் அந்தத் தேதி? தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பிறகு அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது, பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்தான். ஊழியரின் அடிப்படை ஊதியம், அகவிலைப்படியில் 10 சதவிகிதம் பிடிப்பார்கள். அரசும் அதே அளவு போடும். ஓய்வின்போது சேர்ந்த தொகை வட்டியோடு வரும். இதில் 'எத்தனை ஆண்டு பணி' என்ற கேள்விக்கே இடமில்லை. எவ்வளவு பிடித்தம் ஆனதோ அவ்வளவுதான் கணக்கு. தினக்கூலியாக இருந்த காலத்தில் பிடித்தமே இல்லை. எனவே, அந்தத் திட்டத்தின் கண்ணில் அந்த 13 வருடங்கள் நடக்கவே இல்லை!

இதில்தான் பெரியப்பா போன்றவர்கள் மாட்டிக்கொண்டார்கள். 2006 பிப்ரவரி 28 அன்று அரசாணை எண் 22 வந்தது. 2006 ஜனவரி 1 அன்று 10 ஆண்டு முடித்த முழுநேர தினக்கூலிப் பணியாளர்களை நிரந்தரம் செய்யலாம் என்றது அது. எத்தனையோ குடும்பங்களில் அன்று பாயசம் வைத்திருப்பார்கள். பெரியப்பா வீட்டிலும் வைத்தார்கள். ஆனால், அந்த ஆணையால் நிரந்தரமானவர்கள் எல்லோருமே 2003 கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்தவர்கள். அதாவது, 10 ஆண்டுக்குமேல் உழைத்ததற்காகவே நிரந்தரம் ஆனார்கள்; அந்த ஆண்டுகளில் ஒரு நாள்கூட ஓய்வூதியத்தில் சேரவில்லை.

"அன்னைக்கு ஒருத்தரும் இதைச் சொல்லல்ல மக்களே. ஆர்டர் கையில கிடைச்சதே பெரிய விஷயம்னு கும்பிட்டு வாங்கினோம்" என்கிறார் பெரியப்பா.

நீதிமன்றம் என்ன சொன்னது?

2003-க்கு முன்பு தினக்கூலியாகச் சேர்ந்து, பிறகு நிரந்தரமானவர்கள் பலர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். சிலருக்குச் சாதகமாகவும் சிலருக்கு எதிராகவும் தீர்ப்புகள் வந்தன. கடைசியில் முழு அமர்வு இதை விசாரித்து, 2019 டிசம்பரில் முடிவு சொன்னது. 2003 ஏப்ரல் 1-க்கு முன்பு நிரந்தரமானவர்களுக்குப் பாதிப் பணிக்காலம் உண்டு. அதற்குப் பிறகு நிரந்தரமானவர்களுக்கு, எப்போது தினக்கூலியாகச் சேர்ந்திருந்தாலும், இல்லை.

அதே ஆண்டு செப்டம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரப்பிரதேச வழக்கு ஒன்றில் (பிரேம் சிங் வழக்கு) வேறு மாதிரி பேசியிருந்தது. திட்டப் பணியாளர்களாகப் பல ஆண்டுகள் வேலை வாங்கிவிட்டு, நிரந்தரம் செய்த பிறகு அந்தக் காலத்தை ஓய்வூதியத்துக்குச் சேர்க்க மாட்டோம் என்பது நியாயமில்லை என்று சொல்லி, அந்தக் காலத்தைச் சேர்க்க உத்தரவிட்டது. ஆனால், அது உத்தரப்பிரதேச விதிகளை வைத்து வந்த தீர்ப்பு. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுகிறது. யாராவது உங்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு தீர்ப்பை அனுப்பி, 'இனி எல்லோருக்கும் உண்டு' என்று சொன்னால், அது எந்த மாநில விதி, எந்தத் தேதிக்கு முன் நிரந்தரமானவர்களுக்கு என்று பாருங்கள்.

உண்மையிலேயே பணம் கட்டி மீட்கலாம்... ஆனால், யாருக்கு?

'காசைக் கட்டுகேன்' என்று பெரியப்பா கேட்டது விளையாட்டுப் பேச்சல்ல. பணத்தைத் திரும்பக் கட்டிப் பழைய பணிக்காலத்தை மீட்கும் வழி இந்திய விதிகளில் இருக்கிறது. மத்திய அரசின் ஓய்வூதிய விதிகளில் உள்ள ஒரு விதி அது. முன்னாள் ராணுவத்தினருக்கானது.

ராணுவத்திலிருந்து வந்து, மத்திய அரசின் சிவில் வேலையில் பழைய ஓய்வூதியத் திட்டத்தின்கீழ் சேர்ந்த ஒருவருக்கு இரண்டு வழிகள். ராணுவ ஓய்வூதியத்தையோ பணிக்கொடையையோ வைத்துக்கொள்ளலாம். அப்போது ராணுவ வருடங்கள் புதிய வேலையில் சேராது. அல்லது, சிவில் வேலையில் சேர்ந்த பிறகு வாங்கிய ராணுவ ஓய்வூதியம், அதற்கு முன்பணமாகப் பெற்ற தொகை, பணிக்கொடை எல்லாவற்றையும் திரும்பக் கட்டிவிட்டு, ராணுவ வருடங்களைப் புதிய வேலையோடு சேர்த்துக்கொள்ளலாம். 36 மாதத் தவணைகளுக்குள் கட்டி முடிக்க வேண்டும். கடைசி ரூபாய் கட்டி முடியும்வரை அந்த வருடங்கள் உங்கள் கணக்குக்கு வராது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: குறிப்பிட்ட காலத்துக்குள் எந்த வழி என்று எழுதிக் கொடுக்காவிட்டால், 'பழையதை வைத்துக்கொள்கிறார்' என்றே அரசு எடுத்துக்கொள்ளும். பேசாமல் இருப்பதும் ஒரு முடிவுதான்.

15 வருடம் முடித்து ராணுவ ஓய்வூதியம் வாங்குபவர்களுக்கு இது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. ராணுவ ஓய்வூதியம் ஒன்று, சிவில் ஓய்வூதியம் ஒன்று என்று இரண்டும் வரும்போது எதற்கு ஒன்றைக் கைவிட வேண்டும்? ஓய்வூதியம் இல்லாமல் பணிக்கொடை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர்களுக்குத்தான் இது கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய வாய்ப்பு.

அமெரிக்க மத்திய அரசு ஊழியர்களுக்கும் இப்படி ஒன்று உண்டு. ராணுவத்தில் இருந்தவர், அங்கே வாங்கிய அடிப்படை ஊதியத்தில் 3 சதவிகிதத்தைக் கட்டினால், அந்த வருடங்கள் சிவில் ஓய்வூதியத்தில் சேரும். தாமதித்தால் வட்டி கூடும். அங்கே விட்டுப்போன வருடத்துக்கு விலைச்சீட்டு ஒட்டியிருக்கிறது. இங்கே தினக்கூலிக் காலத்துக்கு அப்படி விலையே இல்லை. 2003-க்கு முன் நிரந்தரமானவருக்கு இலவசமாகவே பாதி கிடைக்கும். பின் நிரந்தரமானவர் எவ்வளவு கட்டத் தயாராக இருந்தாலும் கிடைக்காது. பெரியப்பாவின் கேள்விக்கான பதில் இதுதான்.

ராஜா மாறினாலும் சர்வீஸ் போகவில்லை!

கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இது இன்னும் கொஞ்சம் விநோதமாகத் தெரியும். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தன. அன்று இங்கே வேலை பார்த்த அரசு ஊழியர்களுக்கு ஒரே இரவில் முதலாளியே மாறிவிட்டார்.

அவர்களுக்காக மாநில மறுசீரமைப்புச் சட்டம் 1956-ல் 115-வது பிரிவு இருந்தது. மத்திய அரசின் முன் ஒப்புதல் இல்லாமல், அவர்களுடைய பணி நிபந்தனைகளை அவர்களுக்குப் பாதகமாக மாற்றக் கூடாது என்றது அது. வேறு மொழியில் கோப்பு எழுதிய, வேறு கஜானாவில் சம்பளம் வாங்கிய காலம் என்று யாரும் கைகழுவிவிட முடியாதபடி சட்டமே காவல் நின்றது.

இதைச் சொன்னதும் பெரியப்பா சிரித்தார். "ராஜா மாறினவனுக்கு சர்வீஸ் போகல்ல. நான் அதே கேட்டுலதான் நின்னேன். எனக்குப் போச்சு. சவத்த விடு!"

உங்கள் பணிப்பதிவேட்டைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

கோட்டைத் தாண்டியவர்களுக்கு இன்றைய விதியில் வழி இல்லை. ஆனால், கோட்டுக்குள் இருந்தும், காகிதம் சரியில்லாமல் வருடங்களை இழக்கிறவர்கள் உண்டு. பெரியப்பாவின் கூட்டாளிக்கே கொஞ்சத்தில் தப்பியது. தினக்கூலிப் பட்டியல்கள் பழைய கட்டடத்தில் இருந்தன. ஓய்வு பெற 4 வருடம் இருக்கும்போதே ஒரு கிளார்க் எடுத்து நகல் போட்டு, பணிப்பதிவேட்டில் ஏற்றிவிட்டார். "அந்தப் பிள்ளைக்கு இன்னும் பொங்கலுக்கு ஒரு குலை ஏத்தம்பழம் கொண்டுபோய்க் குடுக்கேன்" என்றார் அவர்.

ஓய்வூதியம் கணக்கிடுபவர்கள் நீங்கள் எத்தனை வருடம் உழைத்தீர்கள் என்று பார்ப்பதில்லை. பணிப்பதிவேட்டில் எத்தனை வருடம் எழுதிச் சரிபார்த்திருக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள். அதனால், இவற்றைச் செய்யுங்கள்.

* வருடத்துக்கு ஒருமுறை உங்கள் பணிப்பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒவ்வோர் ஆண்டுக்கும் 'பணிச் சரிபார்ப்பு' பதிவு, அதிகாரியின் கையெழுத்தோடு இருக்க வேண்டும். செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இப்போது களஞ்சியம் தளத்திலும் விவரங்கள் இருக்கின்றன. இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

* தினக்கூலி, தொகுப்பூதியக் காலம் இருந்தால், அந்த அலுவலகத்திலிருந்து சான்று வாங்குங்கள். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, முழுநேரப் பணியா, எந்த நிதியிலிருந்து சம்பளம் என்ற மூன்றும் அதில் இருக்கட்டும். நிரந்தரம் ஆன உத்தரவில் உள்ள தேதிக்கும் இதற்கும் நடுவே இடைவெளி இருக்கக் கூடாது.

* வேறு அரசு வேலை கிடைத்தால் வெறுமனே ராஜினாமா எழுதிக் கொடுக்காதீர்கள். ராஜினாமா செய்தால் முந்தைய பணிக்காலம் முழுவதும் போய்விடும். துறை வழியாக விண்ணப்பித்து, முறையான அனுமதியோடு, 'இந்தப் பணியில் சேர்வதற்காக' என்று குறிப்பிட்டு விடுவிப்பு உத்தரவு வாங்கினால் மட்டுமே பழைய காலம் தொடரும்.

* மருத்துவச் சான்று இல்லாமல் எடுத்த ஊதியமில்லா விடுப்பு பொதுவாகக் கணக்கில் வராது. சான்று கொடுத்திருந்தும் பதிவேட்டில் விட்டுப்போயிருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள். தற்காலிகப் பணிநீக்கத்தில் இருந்திருந்தால், அந்தக் காலத்தை எப்படி எடுத்துக்கொள்வது என்ற உத்தரவு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

* அரசு உதவிபெறும் பள்ளி ஆசிரியர்கள், உங்கள் நியமன ஒப்புதல் உத்தரவில் எந்தத் தேதியிலிருந்து என்று எழுதியிருக்கிறது எனப் பாருங்கள். நீங்கள் வகுப்பெடுக்கத் தொடங்கிய தேதியும் அதுவும் வேறாக இருக்கலாம்.

* மத்திய அரசு ஊழியர் என்றால், 18 ஆண்டுப் பணி முடிந்ததும், பிறகு ஓய்வுக்கு 5 ஆண்டுகள் இருக்கும்போதும் தகுதியான பணிக்காலச் சான்று தர வேண்டும் என்று விதி இருக்கிறது. தராவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

* அலுவலகத்தில் ஆவணம் கிடைக்கவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனு போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டத்திலும் கொடுக்கலாம்.

* 'இவ்வளவு கொடுத்தால் சர்வீஸ் சேர்த்துத் தருகிறேன்' என்று யாராவது வந்தால் கதவைச் சாத்திவிடுங்கள். விதியில் இருப்பது விண்ணப்பத்தில் கிடைக்கும். விதியில் இல்லாதது காசுக்கும் கிடைக்காது.

கருணையா, கணக்கா?

2026 ஜனவரியில் தமிழ்நாடு அரசு, 'உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டம்' ஒன்றை அறிவித்தது. ஊழியர்களின் 10 சதவிகிதப் பங்களிப்பு தொடரும். கடைசி அடிப்படை ஊதியத்தில் 50 சதவிகிதம் ஓய்வூதியம். பங்களிப்புத் திட்டத்தில் ஓய்வூதியம் இல்லாமல் ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களுக்குச் சிறப்புக் கருணை ஓய்வூதியம் என்றும் அந்த அறிவிப்பில் இருந்தது.

இந்தச் செய்தி வந்த அன்று பெரியப்பாவுக்கு முதலில் போன் செய்தது நான்தான். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். சந்தோஷப்பட்டார்தான். பெரியம்மாவின் சர்க்கரை மாத்திரைச் செலவுக்காவது ஆகும் என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை.

"கருணைன்னு சொல்லுகாவ மக்களே. வாங்கிக்கிடுவேன், வேண்டாம்னு சொல்ல மாட்டேன். ஆனா நான் கேக்கது கருணை இல்ல. கணக்கு."

1982 டிசம்பர் 17 அன்று நகரா வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதைத்தான் சொன்னது. ஓய்வூதியம் என்பது முதலாளி மனமிரங்கிக் கொடுக்கும் தானமல்ல, ஏற்கெனவே செய்த வேலைக்கான உரிமை. அந்தத் தேதியைத்தான் ஓய்வூதியர் தினமாகக் கொண்டாடுகிறார்கள்.

நான் கிளம்பும்போது பெரியப்பா எல்லாக் காகிதங்களையும் தேதிவாரியாக அடுக்கி, மறுபடியும் ரப்பர் பேண்ட் போட்டார். அதை எதற்கு இன்னும் வைத்திருக்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

"விதி எப்ப மாறும்னு யாருக்குத் தெரியும்? மாறுகபோது காகிதம் இல்லைன்னு ஆயிரக் கூடாதுல்லா!"

பஸ்ஸில் வரும்போது அப்பாவுக்கு மெசேஜ் போட்டேன். அவருக்கு ஓய்வு பெற இன்னும் 6 வருடம் இருக்கிறது. 'அப்பா, நாளைக்கு ஆபீஸ் போனதும் உங்க எஸ்.ஆர் புத்தகத்தை வாங்கி ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க.'

நீங்களும் உங்கள் வீட்டில் இருப்பவருக்கு இன்றே அனுப்பிவிடுங்கள்.